அம்மாவும் இயக்கக்கூடிய ஸ்ட்ரீமிங் கருவி: ஹால் டிவிக்கு வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்

கும்பகோணத்தில் இருக்கும் என் பெற்றோர் வீட்டு டிவிக்காக, இணையத்தில் வரும் படங்களையும் தொடர்களையும் டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் கருவிகள் மூன்றை ஓராண்டுக்குள் வாங்கினேன். முதலாவது, பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு நிறுவனத்தின் 1,800 ரூபாய்ப் பெட்டி. மூன்றாம் வாரமே அது பரணுக்குப் போய்விட்டது. இரண்டாவது நல்ல கருவிதான், ஆனால் அதன் ரிமோட்டில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் பொத்தான் இல்லாததால், அம்மா இரண்டு ரிமோட்டுகளை மாற்றி மாற்றி எடுத்துச் சலித்துப்போய்ப் பழைய கேபிள் பெட்டிக்கே திரும்பிவிட்டார். மூன்றாவதுதான் நிலைத்தது. செலவான பணத்தைக்கூட மறந்துவிடலாம். ஒவ்வொரு முறையும் சென்னையிலிருந்து பேருந்து பிடித்துப் போய், விடுப்பு எடுத்து, டிவிக்குப் பின்னால் டார்ச் வைத்துக்கொண்டு குனிந்து நின்றதை மறக்க முடியவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். முதல் கருவி வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் 4கே (மிகத் துல்லியமான படத் தரம்), ராம், மெமரி ஆகியவற்றைத்தான். பார்த்திருக்க வேண்டியது, பகல் இரண்டு மணிக்கு வீட்டில் தனியாக ரிமோட்டைக் கையில் எடுக்கப்போகிறவரை.

1. புதுக் கருவி உண்மையிலேயே தேவையா?

உங்கள் டிவி ஏற்கெனவே ஸ்மார்ட் டிவியாக இருந்து, படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்பது மட்டுமே குறையென்றால், முதலில் செட்டிங்ஸ் பகுதிக்குப் போய் மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட் செய்து, வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பிப்பாருங்கள். இதற்கு ஒரு மணி நேரம் போதும், காசும் செலவில்லை. ஆனால், 'இந்தச் சாதனத்தில் இச்செயலி இனி இயங்காது' என்ற அறிவிப்பு வந்துவிட்டால் அதற்குமேல் போராட வேண்டாம். திரை பத்தாண்டு உழைக்கும்; அதற்குள் இருக்கும் மென்பொருள் அத்தனை நாள் தாங்காது. புது டிவி வாங்கத் தேவையில்லாமல் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை இது.

2. டிவியின் பின்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

கடைக்குப் போகும் முன், டிவியின் பின்புறத்தையும் பக்கவாட்டையும் அலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்: படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டுசெல்லும் எச்.டி.எம்.ஐ. துளைகள் எத்தனை, அவற்றில் எத்தனை காலியாக உள்ளன, துளைக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது. சுவரோடு ஒட்டி மாட்டிய டிவியில், இந்தத் துளையில் சொருகும் குச்சி வடிவக் கருவியான ஸ்டிக்கை நேராகச் சொருக முடியாது; அதற்காகவே பல ஸ்டிக்குகளின் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு எச்.டி.எம்.ஐ. நீட்டிப்புக் கம்பி தருகிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் பலர் அதைத் தேவையில்லாத பொருளென்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

டிவி 4கே ஆக இருந்தால் எல்லா எச்.டி.எம்.ஐ. துளைகளும் ஒரே தரத்தில் இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சில டிவிகளில் ஒன்றிரண்டு துளைகளில் மட்டுமே 4கே படத்துக்குத் தேவையான எச்.டி.சி.பி. 2.2 என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பு இருக்கும். துளையின் அருகிலோ டிவியோடு வந்த கையேட்டிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். சாதாரண எச்.டி. டிவி வைத்திருப்பவர்கள் இந்தக் கவலையே படவேண்டாம், 4கே கருவிக்காகக் கூடுதல் பணமும் தர வேண்டாம். எச்.டி.எம்.ஐ. துளையே இல்லாத பழைய குழாய் டிவியோ, மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் மட்டுமே உள்ள டிவியோ என்றால், மாற்றிக் கொடுக்கும் சிறு பெட்டி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதுதான், ஆனால் எழுத்தெல்லாம் மங்கிப்போய் மெனுவைப் படிக்கவே முடியாது. அந்தப் பணத்தைப் புது டிவிக்குச் சேர்த்து வையுங்கள்.

3. இணையத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முழு எச்.டி. படத்துக்கு 5 எம்.பி.பி.எஸ். (இணைய வேகத்தின் அளவு), 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். வேகம் வேண்டும் என்கிறது. ஆகவே ஒரு டிவியும் இரண்டு அலைபேசிகளும் உள்ள வீட்டுக்கு 30 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பே தாராளம். மாதம் 399 ரூபாய் என்று விளம்பரத்தில் பார்க்கும் திட்டத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து கைக்கு வரும் பில் 471 ரூபாய் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்தே சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 3 ஜி.பி. வரை, 4கே தரத்தில் 7 ஜி.பி. வரை செலவாகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜ், எச்.டி. தரத்தில் நாற்பது நிமிடத்தில் தீர்ந்துவிடும்; ஒரு சீரியலும் அடுத்த சீரியலில் பாதியும் பார்க்கலாம்.

ரூட்டர் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல வீடுகளில் கம்பி உள்ளே வரும் முதல் அறையிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டில் அது மாடிப்படியின் கீழே இருந்தது. நடுவில் பழைய காலத்து ஒன்றரையடிச் சுவர் இரண்டு. வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் தடித்த சுவரைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை மெதுவானது, ஆனால் தூரம் போகும். டிவி இருக்கும் இடத்தில் நின்று அலைபேசியில் வேகத்தைச் சோதித்து, பத்து எம்.பி.பி.எஸ்.க்குக் குறைவாகக் காட்டினால், கருவி வாங்குவதற்கு முன்பே ரூட்டரை ஹாலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

4. வீட்டார் பார்ப்பதைத் தாளில் எழுதுங்கள்

இது எளிய வேலைதான், ஆனால் நான் இதைச் செய்யவில்லை. வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று எழுதி, ஒவ்வொன்றும் எந்தச் செயலியில் வருகிறது என்று எதிரே குறியுங்கள். சன் டிவி தொடர்களுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று அம்மாவின் பட்டியலிலேயே மூன்று செயலிகள் வந்துவிட்டன. அப்பாவுக்குச் செய்தி போதும். தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் பலவும் யூட்யூபில் நேரலையாகக் கிடைக்கின்றன, அதற்குச் சந்தா வேண்டியதில்லை. பொதிகையாக இருந்து 2024இல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய அலைவரிசையை விரும்புகிறவர்கள், அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு, வாங்க நினைக்கும் கருவியில் இந்தச் செயலிகள் எல்லாம் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். பொதுவான பெயரை நம்ப வேண்டாம். எடுத்துக்காட்டாக, அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக்குகள் நெடுங்காலம் ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட மென்பொருளில் இயங்கின. 2025 இறுதியில் வந்த 4கே செலக்ட் என்ற வகையோ வேகா என்ற வேறொரு மென்பொருளில் இயங்குகிறது, ஆண்ட்ராய்டு செயலிகளை வெளியிலிருந்து அதில் ஏற்ற முடியாது. பக்கத்து வீட்டு ஸ்டிக்கில் ஒரு செயலி இருக்கிறது என்பதற்காக உங்கள் ஸ்டிக்கிலும் அது இருக்கும் என்று சொல்ல முடியாது.

5. ரிமோட்டைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் கருவியை விடுங்கள், ரிமோட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். டிவியை அணைக்கும் பொத்தானும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்களும் அதிலேயே இருக்கின்றனவா? இல்லையென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஃபயர் டிவி ஸ்டிக் லைட் என்ற பழைய வகையின் ரிமோட்டில் இவை கிடையாது. பழைய இருப்பாகவோ கைமாறியோ இன்னமும் அது விற்பனைக்கு வருகிறது. எங்கள் வீட்டில் இரண்டாவது கருவி தோற்றது இந்த ஒரே காரணத்தால்தான். ஒரே ரிமோட் என்பது வசதிக்காகச் சொல்லப்படும் பேச்சில்லை. மூட்டுவலி உள்ள கைக்கும் கண்புரை உள்ள கண்ணுக்கும் இரண்டாவது ரிமோட் என்பது எழுந்துபோய்த் தேட வேண்டிய இன்னொரு பொருள்.

அடுத்து, பொத்தான்கள் இருட்டில் தடவிப் பார்த்தாலே தெரிகின்றனவா என்று பாருங்கள். வீடு (ஹோம்), பின்செல் (பேக்), ஒலி ஆகிய மூன்றையும் விரல் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். குறுக்குவழிப் பொத்தான்களில் உங்கள் வீட்டில் சந்தா இல்லாத செயலிகளின் பெயர்கள் இருந்தால், கை தவறி அழுத்தும்போதெல்லாம் 'சந்தா கட்டுங்கள்' என்ற திரை வந்து பெரியவர்களைப் பயமுறுத்தும். நாங்கள் அவற்றின்மேல் சிறிய பிளாஸ்திரி ஒட்டிவிட்டோம்.

குரல் வழித் தேடலைப் பற்றி விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். ஃபயர் டிவியின் குரல் உதவியான அலெக்ஸாவோடு இந்தியாவில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேச வேண்டியிருக்கிறது. படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்கிறது, தமிழில் முழு வாக்கியமாகக் கேட்டால் தடுமாறுகிறது. கூகுள் டிவி வகைக் கருவியில் யூட்யூபுக்குள் போய் அம்மா 'வத்தக்குழம்பு' என்று சொன்னால் வத்தக்குழம்பே வருகிறது. வாய்ப்பிருந்தால் பயன்படுத்தப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போய், அவருடைய உச்சரிப்பில் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள்.

இனி எது வாங்கலாம் என்ற கேள்வி. சாதாரணக் குடும்பத்துக்கு ஃபயர் டிவி ஸ்டிக் அல்லது ஷாவ்மி போன்ற அறியப்பட்ட நிறுவனத்தின் கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக், இந்த இரண்டுக்குள் முடித்துக்கொள்வதே நல்லது. வகையையும் தள்ளுபடியையும் பொறுத்து மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். என் விருப்பம் கூகுள் டிவிதான். அதில் செயலிகளை மட்டும் காட்டும் முறை ஒன்று இருக்கிறது, அதை இயக்கிவிட்டால் பரிந்துரைகள் பெரும்பாலும் மறைந்து, திரை கிட்டத்தட்ட அலைபேசிபோல எளிமையாகிவிடும். ஆப்பிள் டிவி மிக நன்றாக உழைக்கும், விளம்பரத் தொல்லை குறைவு, ஆனால் பதினைந்தாயிரத்தை ஒட்டிய விலை. வீட்டில் எல்லாரும் ஐபோன் வைத்திருந்தால் தவிர அவசியமில்லை. ஃபைபர் இணைப்போடு தரப்படும் செட்டாப் பாக்ஸ் காசில்லாமல் கிடைக்கிறதென்றால் முதலில் அதையே பயன்படுத்திப் பாருங்கள். அது அந்த நிறுவனத்தின் பொருள், இணைப்பை நிறுத்தினால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் தொடாதீர்கள். 'ஆயிரம் சேனல், வாழ்நாள் முழுவதும் இலவசம்' என்று விற்கப்படும் இவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவற்றின் முறையான அனுமதி இருக்காது. 4கே என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் சந்தா கட்டிய படமே 480 என்ற குறைந்த தரத்தில் மங்கலாகத்தான் ஓடும். அதைவிடப் பெரிய ஆபத்து, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சிலவற்றில் தீய மென்பொருள் இருப்பது. பேட்பாக்ஸ் 2.0 எனப்படும் இவ்வகைத் தொற்றைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் வெளிப்படையாகவே எச்சரித்தது. பரணில் இருக்கும் என் பெட்டியை யாருக்கும் கொடுக்க மனம் வராமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

6. வாங்கும் நாளும் ஆவணங்களும்

அவசரம் இல்லையென்றால் ஜனவரிக் குடியரசு நாள் விற்பனைக்கோ, ஜூலையிலோ, நவராத்திரி தீபாவளியை ஒட்டிய விற்பனைக்கோ காத்திருங்கள். இந்தக் கருவிகளின் விலை அப்போது ஆயிரம் ரூபாய்க்கு மேலும் இறங்குவதுண்டு. இணையத்தில் வாங்கினால் விற்பவர் யார் என்ற வரியைப் படியுங்கள். பெரும்பாலான மின்னணுப் பொருள்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது, குறிப்பிட்ட நாளுக்குள் மாற்றுப் பொருள் மட்டுமே தருவார்கள். அந்த நாள் கணக்கு பொருள் வந்துசேர்ந்த நாளிலிருந்து ஓடும். ஊருக்குப் போகும்போது பிரித்துக்கொள்ளலாம் என்று சென்னையிலேயே பெட்டியை வைத்திருந்து, அந்தக் கெடுவை நான் ஒருமுறை தவறவிட்டேன்.

கீழே சொல்லும் காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்:

– ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய பில். அதில் கருவியின் தொடர் எண் எழுதப்பட்டிருந்தால் மிக நல்லது. இல்லையென்றால் கடையிலேயே கையால் எழுதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். 'பில் வேண்டாம் என்றால் இருநூறு குறைத்துக்கொள்கிறேன்' என்பவரிடம் வாங்க வேண்டாம். ஓராண்டு உத்தரவாதம் அந்த இருநூறோடு போய்விடும்.
– பெட்டியின் அடிப்பக்கத்தில் உள்ள தொடர் எண், இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி ஆகியவற்றின் படம். அந்தக் குறியின் கீழ் 'ஆர்' என்ற எழுத்தோடு ஒரு எண் இருக்கும்; அதை பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியில் இட்டு உண்மையானதா என்று பார்க்கலாம்.
– உத்தரவாத அட்டையும் அடாப்டரும். அடாப்டரை மாற்றிப் பயன்படுத்திப் பழுதானால் சேவை மையத்தில் வாதாடவேண்டி வரும்.

விற்றவர் பொறுப்பேற்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். புகாருக்கு முதலில் கேட்பதே பில்தான்.

7. கணக்கு யார் பெயரில்?

கருவியைச் சொருகுவதைவிட இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஃபயர் டிவிக்கு அமேசான் கணக்கும், கூகுள் டிவிக்கு கூகுள் கணக்கும் கட்டாயம். உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுத்துவிடுவது எளிது, ஆனால் அப்புறம் உங்கள் யூட்யூப் வரலாறு ஹாலில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும், அவர்கள் பார்ப்பதெல்லாம் உங்கள் அலைபேசியில் பரிந்துரையாக வந்து நிற்கும், வாடகைப் படம் ஒன்றை யாராவது தவறி அழுத்தினால் உங்கள் அட்டையிலிருந்து பணம் போகும். அமேசானில் வாங்கும் ஸ்டிக் சில நேரங்களில் வாங்கியவர் கணக்கோடு முன்கூட்டியே இணைக்கப்பட்டே வருகிறது. ஆர்டர் செய்யும்போதே அன்பளிப்பு என்று குறித்தால் இது நேராது.

வீட்டுக்கென்று ஒரு தனிக் கணக்கு தொடங்குங்கள், அதை அந்த வீட்டில் இருக்கும் அலைபேசி எண்ணோடு இணையுங்கள். ஜியோஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட் போன்றவற்றுக்கு நான் என்னுடைய எண்ணைக் கொடுத்திருந்தேன். செயலி ஒருநாள் தானாக வெளியேறிவிட்டது. அலுவலகக் கூட்டத்தில் நான் அலைபேசியை அணைத்து வைத்திருக்க, ஊரில் அம்மா ஓ.டி.பி.க்காக ஒன்றரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது எல்லாமே அப்பாவின் எண்ணில்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பல செயலிகள் டிவித் திரையில் ஒரு குறியீட்டைக் காட்டி, அதை அலைபேசியில் ஒரு முகவரிக்குப் போய் இடச் சொல்லும். அந்த முகவரியைத் திரையில் உள்ளபடியே எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள், தேடுபொறியில் தேடாதீர்கள். தேடினால் முதலில் வருவது சில நேரம் போலி உதவி மையமாக இருக்கும், 'உங்கள் கருவியைச் செயல்படுத்த 999 ரூபாய்' என்று கேட்பார்கள், அல்லது அலைபேசியைத் தொலைவிலிருந்து பார்க்கும் செயலியை ஏற்றச் சொல்வார்கள். கருவியைச் செயல்படுத்தக் கட்டணம் எதுவும் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

8. பொருத்தும் நாள்

புதுப்பிப்புகள் இறங்க அரை மணி நேரம், செயலிகளை ஏற்றி ஒவ்வொன்றிலும் நுழைய ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு காலையிலேயே தொடங்குங்கள். சீரியல் நேரத்தில் தொடங்கினால் பின்னாலிருந்து வரும் பெருமூச்சுகள் வேலையைக் கெடுக்கும்.

ஸ்டிக்கின் மின்கம்பியை டிவியின் யு.எஸ்.பி. துளையில் சொருகாதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. துளை அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக்குக்கு ஒரு ஆம்பியராவது வேண்டும். முதலில் ஓடுவதுபோல ஓடி, படத்தின் நடுவே அணைந்து அணைந்து எரியும், நீங்கள் கருவியே பழுது என்று நினைப்பீர்கள். பெட்டியில் வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். டிவிக்கு அருகே ஒரே பிளக் பாயின்ட்தான் என்றால், ஸ்விட்ச் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றையும் பட்ஜெட்டில் சேருங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் டிவி மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து பயனில்லை, ரூட்டரும் அதே இணைப்பில் இருக்க வேண்டும்.

பிறகு டிவியின் செட்டிங்ஸில் எச்.டி.எம்.ஐ. – சி.இ.சி. என்ற வசதியை இயக்குங்கள். சாம்சங்கில் இதற்கு எனிநெட் பிளஸ், எல்.ஜி.யில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று பெயர். இதை இயக்கிவிட்டால், ஸ்டிக்கின் ரிமோட்டில் வீடு பொத்தானை அழுத்தியதும் டிவி தானே எழுந்து சரியான எச்.டி.எம்.ஐ.க்கு மாறிக்கொள்ளும். 'டிவியில் ஒன்றுமே வரவில்லை, சிக்னல் இல்லை என்கிறது' என்று ஊரிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளில் பாதிக்குமேல் சோர்ஸ் (எந்தத் துளையின் படத்தைக் காட்டுவது என்ற தேர்வு) மாறிப்போனதால் வந்தவைதான், சி.இ.சி.யை இயக்கிய பின் அவை நின்றுவிட்டன.

ஃபயர் டிவி என்றால் இன்னொரு வேலையும் உண்டு: முகப்பில் விளம்பரப் படங்கள் சத்தத்தோடு தானாக ஓடுவதை, விருப்பத்தேர்வுகளில் உள்ள சிறப்பு உள்ளடக்கம் என்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

9. குழந்தைகளுக்கான பூட்டு

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓ.டி.டி. எனப்படும் இணையவழிப் படத் தளங்கள் தம் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். அதாவது பூட்டு இருக்கிறது, ஆனால் அது தானாகப் பூட்டிக்கொள்ளாது.

ஒரே இடத்தில் பூட்டினால் எல்லாம் பூட்டப்பட்டுவிடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கருவியில் போட்ட ரகசிய எண் ('பின்' நம்பர்), அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செயலியையும் முழுமையாகக் கட்டுப்படுத்தாது. ஆகவே ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் குழந்தைகளுக்குத் தனிப் பக்கம் திறந்தால் மட்டும் போதாது; பெரியவர்களின் பக்கத்துக்கு நான்கு இலக்க பின் எண் போட வேண்டும், இல்லையென்றால் பிள்ளை பக்கத்துக் கட்டத்தை அழுத்தி உள்ளே போய்விடும். அமேசானில் வாங்குவதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் பின் எண் கட்டாயம் என்று மாற்றுங்கள். கூகுள் டிவியில் குழந்தைகளுக்கான பக்கத்தை உருவாக்கினால் தினமும் எவ்வளவு நேரம், இரவு எத்தனை மணியோடு முடிய வேண்டும் என்றும் வரையறுக்கலாம். கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்து தங்கும் வீட்டுக்கு இது ஒன்றே அதை வாங்கப் போதுமான காரணம்.

யூட்யூப்தான் கடினம். அதில் அடுத்த காணொளி தானாக ஓடுவதை முதலில் நிறுத்துங்கள், பிறகு குழந்தைக்கென்று தனிப் பக்கத்தைத் திறந்து வயதைத் தேர்ந்தெடுங்கள். பின் எண்ணாகப் பிறந்த ஆண்டையோ வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ வைக்க வேண்டாம். என் அக்கா மகன் எட்டு வயதில் இரண்டாவது முயற்சியிலேயே கண்டுபிடித்தான்.

10. சந்தாவில் கவனிக்க வேண்டியவை

மலிவான திட்டம் டிவியில் ஓடுமா என்று முதலில் கேளுங்கள். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் அலைபேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டுமே. டிவிக்குக் குறைந்தது 199 ரூபாய்த் திட்டம் வேண்டும். ஜியோஹாட்ஸ்டாரின் மொபைல் திட்டமும் அப்படியே. ரீசார்ஜோடு இலவசமாகக் கிடைக்கும் சந்தாக்கள் பெரும்பாலும் இந்த மொபைல் வகை என்பதால், 'ஏற்கெனவே இருக்கிறதே' என்று நம்பி டிவியில் நுழைந்தால் ஏமாற்றமே. பிரைம் வீடியோவில் 2025 ஜூன் 17 முதல் விளம்பரங்கள் வருகின்றன. அவை வேண்டாம் என்றால் ஆண்டுக்கு 699 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையிலிருந்து இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கே என்ற விதியைக் கொண்டுவந்துவிட்டது. சென்னை வீட்டுச் சந்தாவை ஊரில் உள்ள டிவிக்கும் நீட்டலாம் என்று கணக்குப் போட வேண்டாம்.

எல்லாச் சந்தாவையும் ஒரே நாளில் ஆண்டுக்குக் கட்டாதீர்கள். முதலில் மாதச் சந்தாவோ மூன்று மாதச் சந்தாவோ எடுத்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். நான் கட்டிய ஐந்தில் இரண்டை யாரும் திறக்கவே இல்லை. தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல் கொடுத்திருந்தால், ரிசர்வ் வங்கி விதியின்படி 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு அறிவிப்பு வர வேண்டும்; அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள். யு.பி.ஐ. செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் எந்தெந்த ஒப்புதல்கள் உயிரோடு இருக்கின்றன என்று தெரியும், அங்கேயே நிறுத்தவும் செய்யலாம்.

11. முதல் மாதம்

ஒரு நாற்பது பக்க நோட்டில் எந்தச் செயலி எந்த எண்ணில் இருக்கிறது, புதுப்பிக்கும் தேதி எது, பில்லின் நகல் எங்கே இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் எழுதுங்கள். பணத்தோடு தொடர்புள்ள கடவுச்சொற்களையும் பின் எண்களையும் எழுத வேண்டாம். ரிமோட்டுக்கான சிறிய பேட்டரி இரண்டை அந்த நோட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள்.

அம்மாவுக்கு ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க நான் முயன்றேன், தோற்றேன். பிறகு மூன்றை மட்டும் சொன்னேன்: வீடு பொத்தானை அழுத்தினால் தொடக்கத்துக்கு வரலாம், முதல் வரிசையில் இருக்கும் மூன்று படங்கள்தான் உங்களுக்கு, எதுவும் புரியாவிட்டால் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பத்து எண்ணிப் போடுங்கள். அவருக்கு வேண்டிய செயலிகளை முதல் வரிசையில் இடமிருந்து வலமாக அடுக்கி, வீடு பொத்தானின்மேல் சிவப்பு நகப்பூச்சு ஒரு பொட்டு வைத்தேன். இப்போது அவர் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.

இணைய நிறுவனத்தை மாற்றி, புது ரூட்டர் வரும் நாளில், அதற்கும் பழைய வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைக்கச் சொல்லுங்கள். ஸ்டிக், அலைபேசிகள் எல்லாமே ஒன்றும் நடக்காததுபோல இணைந்துகொள்ளும். இல்லையென்றால் பெரிய கடவுச்சொல்லை ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாக ஏற்றும் வேலை ஊரில் யார் தலையிலாவது விழும்.

கேபிள் இணைப்பை முதல் நாளே துண்டிக்க வேண்டாம். ஒரு மாதமாவது இரண்டும் ஓடட்டும். அதற்குள் யாரும் பழைய பெட்டியைத் தேடவில்லை என்றால், கட்டணம் முடியும் தேதிக்கு முன்பாகக் கேபிள்காரரை வரச் சொல்லி, செட்டாப் பாக்ஸ், அடாப்டர், ரிமோட், பார்வை அட்டை (வியூவிங் கார்டு) இருந்தால் அது உட்பட எல்லாவற்றையும் ஒப்படைத்து, ஒப்படைத்த தேதியோடு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் அன்றைக்கே காட்டுங்கள்.